நடுமாடி

கூரை ஐம்பத்தைந்து பாகை சரிவாய் வேணும் என்றார்
குகனேந்திரன், தொலைபேசியில்.
ஏனண்ணை அவ்வளவு?
பனி வழுக்கி விழ, என்றார்.
பிறகு தானே சிரித்தார்.
ஒட்டுசுட்டானில் அன்று மாடுகள்கூட
குளத்தை விட்டு ஏறவில்லை.
என் கந்தோர் விசிறி
சூட்டைத்தான் கிண்டிக்கொண்டிருந்தது.

படங்கள் பதினேழு வந்தன.
ஜெர்மனியில் ஏதோ ஆற்றங்கரை ஊர்.
பெயரை மூன்றுதரம் சொன்னார்,
மூன்றும் எனக்கு வேறுவேறாய்க் கேட்டது.
நூற்றிமுப்பது வருசத்துக்கு முந்தி
பியர் ஆலைக்காரன் ஒருவன் கட்டிய மாளிகையாம்.
மூலைகளில் மஞ்சள் மணற்கல்.
முகட்டுச் சுவரில் குறுக்கும் மறுக்கும் மரச்சட்டம்.
கூரை முழுக்கச் செதில் செதிலாய்க் கறுப்புக் கல்:
பள்ளிக்கூடச் சிலேற் இருக்கே, அதுதான்.
வயிறு தள்ளி நிற்கிற ஒரு யன்னல்,
அதைத் தோளில் தாங்குகிற
தாடிக்காரனின் கல்முகம்.

நாகமணி மேசன் கைபேசியை வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார்.
தாடி வேண்டாம், பூதம் வைக்கிறன்.
தேருக்கும் கோயிலுக்கும் பழகின கை இது.
கோபுரத்தில என்ன, வெங்காயமா?
கலசம் எண்டால் நாளைக்கே தொடங்கலாம்.

நான் இதுவரை கீறியதெல்லாம்
திட்ட வீடுகள்.
ஐந்நூற்றைம்பது சதுர அடி,
இரண்டு அறை, ஒரு குசினி.
ஒரே பிளானை நானூறு தரம்
பெயர் மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறேன்.

நிலவறையும் கேட்டார் குகனேந்திரன்.
அங்கேதான் உடுப்புத் தோய்ப்பமாம்,
உருளைக்கிழங்கு வாசமாம்,
பன்னிரண்டு படியாம்.
நாகமணி கயிற்றைச் சுருட்டிவிட்டார்.
நிலத்துக்குக் கீழயோ, தங்கச்சி?
நான் கட்டினது காணும்.
அவர் கட்டிய ஒன்றுக்கும் பிளான் இருந்ததில்லை.
பனங்குற்றி, மண்மூட்டை,
மூட்டைக்குச் சீலை முடிந்தபோது
மனிசியின் கூறைச்சேலை.

இதைச் சொன்னபோது
அந்தப் பக்கம் ரயில் ஒன்று போகும் சத்தம் மட்டும்.
சரி, விடுங்கோ.
தோய்க்க வெளியில ஒரு தொட்டி போதும்.

மேல்மாடம் மட்டும் விடமாட்டேன் என்றார்.
சரிந்த கூரைக்குக் கீழே
எழும்பினால் தலை இடிக்கிற அறை.
இங்கே அது அவிந்துபோகும் அண்ணை.
பரவாயில்லை.
கதவடியில் கொளுக்கி ஏழு போடுங்கோ.
குளிர்ச்சட்டை இல்லாத ஊரில் ஏழு கொளுக்கி கீறினேன்.

நடுமாடிக்கு வந்தேன்.
அது எப்படி இருந்தது?
தெரியாது.

நகரசபை அந்த வீட்டில்
அகதிகளை வைத்திருந்த காலம்.
மேலே நாங்கள் ஏழுபேர்,
கீழே தோய்க்கிற மெசின்.
நடுவில பூட்டு.
மூன்று வருசம் படியால ஏறி இறங்கினேன்.
ஒருக்கால் ஆரோ திறந்து மூடின நேரம்
மஞ்சள் வெளிச்சம் கண்டனான்.
ஒரு கதிரைக் கால்.
அவ்வளவுதான் பிள்ளை.
நீங்களாப் பாத்துப் போடுங்கோ.

நீங்களாப் பாத்து.
நானூறு வீட்டில் எவரும் எனக்குச் சொல்லாத சொல்.
மூன்று நாள் வெள்ளைத்தாளுக்கு முன்னால் இருந்தேன்.
முதலில் தென்மேற்கே எட்டடி யன்னல் வைத்தேன்,
சோழகம் வரட்டும் என்று.
அறைகளைப் பிரிக்க மனம் வரவில்லை.
ஒரு சுவர் கீறி அழித்தேன்.
இன்னொன்று கீறி அழித்தேன்.
கடைசியில் முழுமாடியும் ஒரே இடம்.

பிரதேச சபைப் படிவத்தில் ஒரு கட்டம்: அறையின் பயன்பாடு.
காற்று, என்று எழுதினேன்.
சிவப்புக்கோடு போட்டுத் திரும்பி வந்தது.
மண்டபம், என்று திருத்தினேன்.
முத்திரை விழுந்தது.

பிளானைப் படமெடுத்து அனுப்பினேன்.
நடுச்சாமம் அழைப்பு வந்தது.
எட்டடி யன்னலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கதவு எந்தப் பக்கம் திறக்கும்?
உள்ளுக்கு அண்ணை.
தள்ளினால்?
தள்ளினால் திறக்கும்.

கொஞ்சநேரம் சும்மா இருந்தார்.
பிறகு, ஓடு இப்ப என்ன விலை போகுது
என்று கேட்டார்.